ஸ்கோப்புக்கு ‘வழங்கெல்லை’ சரிப்படுமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நிரலில் ஒரு பெயர் எந்தப் பகுதிவரை செல்லும் என்பதுதான் ஸ்கோப். அதற்கு ‘வரம்பு’ இருக்கும்போது ‘வழங்கெல்லை’ என்ற புதுச்சொல் எதற்கு என்று முன்மடலில் கேட்டிருந்தீர்கள். தண்டையார்பேட்டையில் மாலை வகுப்பு எடுக்கிற எனக்கு அந்தச் சொல் கைகொடுக்கவில்லை. பைத்தான் நிரல்மொழியில் ஃபார் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) எழுதினால், எந்த எண்ணிலிருந்து எதுவரை சுற்றுவது என்று சொல்ல அதே வரியில் ‘ரேஞ்ச்’ வந்து நிற்கும். அதையும் வரம்பு என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் (என் தப்புதான்). பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் வரும் ‘வரையெல்லை’யில் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் வரை என்றாலும் எல்லை என்றாலும் ஒன்றுதானே? எதற்கு எல்லை என்பது அதில் இல்லையே.

போன வாரம் காசிமேட்டுப் பையன் ஒருவன், ஏலம் போன மீன் கூடைகளின் விலையைக் கூட்டிப் பார்க்க லூப் எழுதினான். சுற்றுக்கொரு கூடையின் விலையை ஏந்தும் மாறியின் (வேரியபிள்) பெயர் ‘விலை’. லூப்புக்கு வெளியே அதை அச்சிட்டால் கடைசிக் கூடையின் விலை வந்து நிற்கிறது. “லூப்பு முடிஞ்சிபோச்சே சார், இது இன்னும் இன்னாத்துக்கு கீது?” என்றான். நியாயமான கேள்வி. லூப்புக்குக் கீழே வலப்பக்கம் தள்ளி எழுதியதெல்லாம் அதற்கு உள்ளேயே அடைபட்டுவிடும் என்று நினைத்திருக்கிறான். பைத்தானில் ஃபங்ஷனுக்கு (பெயரிட்டு அழைக்கும் நிரல் துண்டு) தனி ஸ்கோப் உண்டு, ஃபார் லூப்புக்குக் கிடையாது. கூடைப் பட்டியல் காலியாக இருந்திருந்தால் அந்தப் பெயரே பிறந்திருக்காது, அப்படியொரு பெயர் இல்லை என்று நேம் எரர் வந்திருக்கும். ஜாவா மொழியில் லூப்பின் தலையிலேயே மாறியை அறிவித்திருந்தால், வெளியே அதைத் தொட்டதும் கம்பைலர் (நிரலை மொழிமாற்றும் மென்பொருள்) மறுத்துவிடும்.

அவனுக்கு நான் சொன்னது இதுதான்: நம்ம பக்கம் ‘அண்ணன்’ என்றால் இந்தச் சந்தில் ஒருத்தர், மார்க்கெட்டைத் தாண்டினால் வேறொருத்தர். ஒரு பெயர் எதுவரை வழங்குகிறதோ அதுவே அதன் வழங்கெல்லை. மதிப்பு நினைவகத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது வேறு கணக்கு. அதற்கு ‘ஆயுள்’ போதும்.

ஒரு இடத்தில் மட்டும் என் சொல்லும் இடிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘வார்’ (var) போட்டு மாறியை அறிவித்து, 0 முதல் 2 வரை சுற்றவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் செட்டைம்அவுட்டுக்குள் (ஒரு ஃபங்ஷனைச் சற்றுப் பிறகு ஓடவைப்பது) மாறியை அச்சிடச் சொன்னால் 3, 3, 3 என்று வரும். அப்படிக் கொடுத்த மூன்று ஃபங்ஷனும் பார்ப்பது ஒரே மாறியை. அவை ஓடும் நேரத்தில் அது 3 ஆகியிருக்கும். 2015-இல் வந்த ‘லெட்’ (let) போட்டால் சுற்றுக்கொரு மாறி, அதனால் 0, 1, 2. கோ (Go) மொழியும் 2024-இல், 1.22 பதிப்பில், சுற்றுக்கொரு புது மாறி என்று மாறிக்கொண்டது. ஆனால் கோ மொழியில் அந்தப் பெயர் முன்பும் லூப்புக்குள்தான் வழங்கியது, இப்போதும் அப்படியே. வழங்கெல்லை நகரவில்லை, மாறிகளின் எண்ணிக்கைதான் கூடியது. இதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘சுற்றுமாறி’ என்று எழுதி அடித்துவிட்டேன், யாராவது நல்லதாகச் சொல்லுங்கள்.

அந்தப் பையனோ, “ஏரியான்னே வெச்சிடலாமே சார்” என்கிறான். அது பரப்பளவோடு போய்ச் சிக்கும் என்று இப்போதைக்குத் தட்டிக்கழித்திருக்கிறேன்.