தரையொட்டிப் பூத்த மஞ்சள் நட்சத்திரப் பூ: நிலப்பனைதானா?

சருகு:
இலையுதிர் காட்டு நிழலில், முதல் மழைக்குப் பிறகு பூத்திருக்கிறது. ஆறு இதழ், நல்ல மஞ்சள், அகலம் 1.5 செ.மீ. இருக்கும். பூ மண்ணிலேயே உட்கார்ந்த மாதிரி. இலை ஈச்சங்கன்று போல, ஒரு சாண் நீளம். செடியை அடையாளம் காட்டும் செயலி ஒருமுறை நிலப்பனை என்கிறது, மறுமுறை ஹைபாக்சிஸ் (இதே மாதிரி பூக்கும் இன்னொரு செடி) என்கிறது. இதழின் வெளிப்புறம் ரோமம் இருப்பதால் நிலப்பனை என்று முடிவு செய்யலாமா?

காந்தள்:
ரோமத்தை வைத்து முடிவு செய்யாதீங்க. இரண்டுக்கும் இதழ் ஆறு, மகரந்தத்தாள் ஆறு, வெளிப்புற ரோமமும் உண்டு; ஒரே குடும்பம். மேலிருந்து எடுத்த படத்தில் செயலி குழம்புவது அதனால்தான்.

சூலகம் (பூவில் காயாக மாறும் பகுதி) எங்கே இருக்கிறது என்று பாருங்க. ஹைபாக்சிஸில் மெல்லிய பூந்தண்டு மண்ணுக்கு மேலே எழும்பும். இதழுக்குச் சற்றுக் கீழே சூலகம் புடைப்பாகத் தெரியும். நிலப்பனையில் காம்பு போலத் தெரிவது காம்பே இல்லை. அது சூலகத்தையும் இதழ்களையும் இணைக்கும், பறவை அலகு போன்ற மெல்லிய நீட்சி. சூலகம் இலையுறைக்குள், மண் மட்டத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும். விரல் நுனியால் மண்ணைக் கொஞ்சம் தள்ளினாலே போதும், பறிக்க வேண்டாம்.

ஊமத்தை:
பூ வாடிப்போனாலும் இலை சொல்லிவிடும். நிலப்பனை இலையில் விசிறி மாதிரி நீளவாக்கில் மடிப்பு இருக்கும், அகலம் 1 முதல் 2.5 செ.மீ., அடியில் காம்பு போலக் குறுகும். ஹைபாக்சிஸ் இலை புல் போல ஒடுக்கம், இந்த மடிப்பு இருக்காது. உண்மையான ஈச்சங்கன்று என்றால் இலை விறைப்பாக, ரோமமில்லாமல் இருக்கும். நிலப்பனை இலை மென்மை. இலைநுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுக் குட்டிச்செடி முளைத்திருந்தால் இன்னும் உறுதி.

சருகு:
மடிப்பு இருக்கிறது. "காம்பு" நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. கிழங்கையும் தோண்டிப் பார்க்கணுமா?

காந்தள்:
அப்படியானால் நிலப்பனைதான், அறிவியல் பெயர் குர்குலிகோ ஆர்கியாய்டிஸ். தோண்டவே வேண்டாம். கிழங்கு செங்குத்தாக இறங்கும். வெளியே கருப்பு, உள்ளே வெள்ளை. அதை வெட்டினால் செடியே போச்சு. மருந்துக்காகத் தோண்டித் தோண்டித்தான் பல காடுகளில் இது அருகி வருகிறது. காய் வேண்டுமானால் அடியில் உள்ள பூக்களில் தேடுங்க, அவைதான் இருபால். மேலே வருபவை ஆண்பூக்கள். அடுத்த தடவை பக்கவாட்டில் ஒரு படம், இலையடியில் ஒரு படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்க.