என்சைம் (நொதி) வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டா?

தாண்டிக்குடிக்காரன்:
பல்ப்பரில் (பழத்தோலை உரிக்கிற மெஷின்) தோல் போன காப்பிக்கொட்டை எப்படி வழுக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழுவழுப்பு போக, எங்கள் பக்கம் குளிரில் அரபிகா காப்பி ஒரு நாளைக்கு மேல் தொட்டியில் கிடக்கும், சில சமயம் ஒன்றரை நாள்கூட. ஆராய்ச்சிக்கு வந்த ஒரு தம்பி, வாளியில் கொட்டையைப் போட்டு பெக்டினேஸ் என்று, வழுவழுப்பைக் கரைக்கிற ஒரு என்சைம் பொடியைக் கரைத்து ஊற்றினார். சாப்பிட்டுவிட்டு வந்து கையை விட்டால் கூழாங்கல் மாதிரி கரகர என்கிறது! அப்பா நம்பாமல் திரும்பத் திரும்பத் தேய்த்துப் பார்த்தார், மோந்தும் பார்த்தார், புளிப்பு வாடையே இல்லை. எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறு. அந்தக் கொட்டை முழுவதையும் பையில் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள், டிகாக்ஷன் எப்படி இருந்தது என்று அப்புறம் ஒரு வார்த்தை வரவில்லை.

குன்னூர் இலை:
எங்கள் டீ ஃபேக்டரிக்குப் பொடியே வேண்டாம், என்சைம் தேயிலைக்குள்ளேயே இருக்கிறது, அதை நிறுத்துவதுதான் பாடு. நைட் ஷிப்ட், சி.டி.சி. (இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற மெஷின்) முடிந்து தூள் செம்பு நிறத்துக்கு வந்த நேரம் பார்த்து கரண்ட் போனது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. டிரையர் சூடு பட்டால்தான் இலையைச் சிவக்க வைக்கிற என்சைம், பாலிபீனால் ஆக்ஸிடேஸ், அடங்கும். இல்லையென்றால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், டீக்குப் பளபளப்பு தருகிற தியாஃப்ளேவின் குறைந்து, நிறத்தை அடர்த்தியாக்குகிற தியாரூபிஜின் ஏறும், டீயில் பளபளப்பு போய்விடும். டீ மேக்கர் டார்ச் வெளிச்சத்தில் ஒரு கை அள்ளி மோந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கொட்டினார். அந்த முகம் மறக்கவில்லை.

ஊட்டி மழை:
@தாண்டிக்குடிக்காரன், இடிக்கிறதே. பெக்டினேஸ் 45, 50 டிகிரி பக்கம்தான் சுறுசுறுப்பாக இருக்கும். உங்கள் ஊர்க் குளிர்த் தண்ணீரில் சோறு தின்று வருவதற்குள் முடிந்ததா? தொட்டியில் தானாக நடப்பதும் இதேதான், நுண்ணுயிர்கள் சுரக்கிற பெக்டினேஸ்தான் பாதி வேலை பார்க்கிறது. குளிரில் அதுவும் படுத்துவிடும், அதனால்தான் உங்களுக்கு ஒன்றரை நாள்.

கொடை பால்:
எங்கள் வீட்டில் சீஸ் போடுவோம். 32 டிகிரிப் பாலில் நாலு சொட்டு ரென்னெட் (பாலை உறைய வைப்பது), முக்கால் மணி கழித்துக் கத்தியை விட்டுத் தூக்கினால் கோடு போட்ட மாதிரி பிளக்கும், அவ்வளவுதான் என் அனுபவம். யாராவது போடுவதாக இருந்தால் கேளுங்கள்: ரென்னெட்டை ஆறிய தண்ணீரில் கலந்து உடனே ஊற்றவும், குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் கூடாது. கொதிக்கக் காய்ச்சிய பால் சரியாக இறுகாது. பாக்கெட் பால் என்றால் துளி கால்சியம் குளோரைடு சேருங்கள். ஊற்றினபின் பாத்திரத்தை ஆட்டவே ஆட்டாதீர்கள். சைவக்காரர்கள் பூஞ்சையிலிருந்து எடுத்த ரென்னெட்டா என்று கேட்டு வாங்குங்கள், பழைய முறையில் அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து வந்தது. 1990இலேயே அமெரிக்காவில் நுண்ணுயிரை வைத்துச் செய்த கைமோசினுக்கு (ரென்னெட்டில் வேலை செய்கிற என்சைம்) அனுமதி கொடுத்துவிட்டார்கள், நம் ஆட்கள்தான் இன்னும் லேபிளைப் பார்ப்பதில்லை.

தாண்டிக்குடிக்காரன்:
@ஊட்டி மழை, வெந்நீர் வைத்துக் கொடுத்ததே எங்கள் அம்மாதான், தம்பி தெர்மாமீட்டரும் கையுமாக அடுப்படியிலேயே நின்றார். ஒரு வாளிக்குச் சரி. தொட்டி நிறைய யார் வெந்நீர் வைப்பது, விறகுக்கு எங்கே போவது என்று அப்பா கேட்டதற்குச் சிரித்தார், அவ்வளவுதான். @கொடை பால், எங்களுக்கு ஓடைத் தண்ணீர், குளோரின் தொல்லை இல்லை.