மறு: படியெடுத்தல் காரணி – ‘காரணி’ இங்கே இடறுகிறது

வணக்கம்.

‘படியெடுத்தல் காரணி’ (transcription factor: மரபணுவைப் படியெடுக்கச் சொல்லும் அல்லது தடுக்கும் புரதம்) புழக்கத்தில் இருக்கும்போது ‘படியாணைப் புரதம்’ என்ற புதுச்சொல் எதற்கு என்று நம் குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். பொதுவான உயிரியல் கட்டுரை என்றால் நானும் அதையேதான் எழுதுவேன். எனக்குச் சிக்கல் வந்தது இந்த ஒரு வாக்கியத்தில்: ‘லுகேமியா தொடர்பான படியெடுத்தல் காரணிகள் செல் சுழற்சியின் வேகத்தை மாற்றுகின்றன.’ (லுகேமியா என்றால் இரத்தப் புற்றுநோய்; செல் சுழற்சி என்றால் ஒரு செல் வளர்ந்து இரண்டாகப் பிளக்கும் சுற்று.) படித்துப் பார்த்த நண்பர் உடனே கேட்டார்: “அப்போ நோய்க்குக் காரணம் இதுதானா? இதை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?”

பாதிக் குழப்பம் ‘காரணி’யால் வந்தது, மீதி ‘வேக’த்தால்.

இந்தக் காரணிகளில் ஒன்றான ரன்எக்ஸ்1 (RUNX1) என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். இதன் மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இரத்தச் செல்கள் ஒழுங்காக உருவாகவே இந்தப் புரதம் வேண்டும். நோயை உண்டாக்குவது இதன் வேலை இல்லை. 8ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்ளும்போதுதான் வினை. அந்த இடமாற்றத்தை 1973இல் கண்டவர் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி. அதில் பிறக்கும் ஒட்டுப்புரதத்துக்கு டிஎன்ஏவைப் பிடிக்கும் முனை ரன்எக்ஸ்1இலிருந்து வருகிறது, வால் வேறொரு புரதத்திலிருந்து. டிஎன்ஏவில் ரன்எக்ஸ்1 உட்காரும் அதே இடத்தில்தான் இதுவும் போய் உட்காருகிறது. ஆனால் ‘படியெடு’ என்று சொல்ல வேண்டிய பல இடங்களில் ‘எடுக்காதே’ என்கிறது.

இரண்டும் கட்டளைதானே? அதனால்தான் ‘படியாணைப் புரதம்’ என்று முன்வைக்கிறேன். ‘படியேவி’ என்றால் தூண்டுவதை மட்டும் சொல்லும். ‘படிச்சீராக்கி’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் எடுத்த படியில் பிழை திருத்துவது போல ஒலிக்கிறது. அது வேறு புரதங்களின் வேலை. ‘படியாளி’யை நானே அடித்துவிட்டேன். வயலில் படிநெல்லுக்கு உழைத்த படியாள்தான் நினைவுக்கு வருகிறார்!

அடுத்தது வேகம். வளர்ப்புத் தட்டில் விறுவிறுவென்று பெருகும் மனிதச் செல்லுக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 24 மணி நேரம். அதில் செல் வளரும் ஜி1 கட்டத்துக்கு 11, டிஎன்ஏ இரட்டிக்கும் எஸ் கட்டத்துக்கு 8, பிளவுக்குத் தயாராகும் ஜி2வுக்கு 4, பிளவுக்கு 1 மணி நேரம் என்று கணக்குச் சொல்வார்கள். ரன்எக்ஸ்1 கைவைப்பது பெரும்பாலும் ஜி1இல். சுழற்சியை முன்னே தள்ளும் சைக்ளின் டி3 போன்ற புரதங்களைக் கூட்டி அந்தக் கட்டத்தைச் சுருக்குகிறது. ஒட்டுப்புரதமோ அதை நீட்டுகிறது. ஆக, எல்லாக் கட்டங்களும் ஒருசேர வேகமெடுப்பதில்லை. ஒரு கட்டத்தின் பங்குதான் கூடிக் குறைகிறது. எனவே ‘காலப்பங்கீடு’ பொருந்தும் என்பது என் எண்ணம்.

‘வேகம்’ என்று எழுதினால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. புற்றுநோய் என்றாலே செல் வேகமாகப் பிளக்கும் என்று வாசகர் நினைத்திருக்கிறார். இங்கே ஒட்டுப்புரதம் சுழற்சியைத் தாமதப்படுத்துகிறது, ஆனாலும் நோய் வருகிறது. ஏனென்றால் அது செல்லை முதிர விடுவதில்லை. பெருகும் உந்துதல் வேறு மரபணுப் பிழைகளிலிருந்து வந்து சேர்கிறது. எலிகளில் ஒட்டுப்புரதம் தனியாக லுகேமியாவைக் கொண்டுவருவதில்லை என்பதும் இதனோடு ஒத்துப்போகிறது.

அப்புறம், ரன்எக்ஸ்1 வெறும் எசமானும் இல்லை. சுழற்சி நகர நகர இதன் அளவே ஏறி, பிளவை ஒட்டிச் சிதைக்கப்படுகிறது. ஆணையிடுபவரும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். ‘ஆணை’ இதை மறைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன்.

என் வாக்கியம் இப்போது இப்படி: ‘லுகேமியாவில் பழுதுபடும் படியாணைப் புரதங்கள் செல் சுழற்சியின் காலப்பங்கீட்டை மாற்றுகின்றன.’ ‘தொடர்பான’ போய் ‘பழுதுபடும்’ வந்ததுதான் எனக்கு அதிக நிம்மதி.

‘ஒட்டுப்புரதம்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன், ஒட்டுச்செடியை நினைத்து. ‘இணைவுப் புரதம்’ என்று எழுதுவோர் இருக்கிறீர்கள். எது இருக்கட்டும்?