கலைச்சொல் விவாதம்: பள்ளியில் நடக்கும் ‘கோச்சிங்’குக்கு என்ன பெயர்?

மடல் 1: ஆசிரியர் பயிற்சி நடத்துபவர், மதுரை

குழுவினருக்கு வணக்கம்.

9 முதல் 12ஆம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்களுக்கான கையேடு ஒன்று தயாராகிறது. அதில் ஒரு சொல் இடிக்கிறது. மாணவர் ஒருவரோடு அரைமணி நேரம் தனியே உட்கார்ந்து, அறிவுரை சொல்லாமல், கேள்வி கேட்டே அவர் தன் இலக்கையும் அடுத்த அடியையும் கண்டுகொள்ளச் செய்யும் உரையாடல் முறை அது. வெளிநாடுகளில் இதைக் கோச்சிங் என்கிறார்கள். நம் ஊரில் அந்தச் சொல் வேறு கைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. அறிவிப்புப் பலகையில் ‘கோச்சிங்’ என்று எழுதினால், நீட்டுக்கா ஜே.இ.இ.க்கா, ஃபீஸ் எவ்வளவு என்று பெற்றோர் விசாரிப்பார்கள். ஆகவே ஒலிபெயர்ப்பு உதவாது.

இருக்கும் சொற்களும் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. ‘பயிற்றுநர்’ கபடிக்கும் கணினிக்கும் போய்விட்டார். ‘வழிகாட்டல்’ என்றால் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கு எந்தக் கல்லூரி என்று சொல்லும் நிகழ்ச்சி. ‘ஆலோசனை’ என்றால் யாரோ ஒருவர் ஆலோசனை சொல்லப்போகிறார். இங்கே செய்யவே கூடாதது அதைத்தான்.

முறைக்கு ஆதாரம் உண்டு. சிட்னியில் மேல்நிலை மாணவியர் 56 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 10 அமர்வுகள் நடத்தி, மறு பிரிவைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அமர்வுகளை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். மாணவியரிடம் நம்பிக்கையும் மன உறுதியும் கூடின, மனச்சோர்வு குறைந்தது. சிறிய எண்ணிக்கை, மாணவியர் மட்டும் என்பதையும் சேர்த்தே கையேட்டில் எழுதப்போகிறோம்.

என் முன்மொழிவு: வினாத்துணை. கவுன்சிலிங்கைக் குறிக்கும் இலங்கை வழக்கான உளவளத்துணையின் அச்சில் செய்தது.


மடல் 2: உளவளத்துணை ஆசிரியர், யாழ்ப்பாணம்

> என் முன்மொழிவு: வினாத்துணை.

ஐயா, இங்கு பிள்ளைகள் இதைக் கேட்டால் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு என்றுதான் நினைப்பார்கள். அங்கும் ‘பத்தாம் வகுப்பு வினாத்துணை’ என்று அட்டை போட்டுக் கடையில் வைத்தால் நன்றாக விற்கும்!

ஆனால் ‘துணை’ நல்ல பகுதி, அதை விட வேண்டாம். உளவளத்துணையிலிருந்து பிரித்துக் காட்டும் முற்பகுதிதான் தேவை. அந்தப் பிரிப்பு சொல்லுக்கு மட்டுமல்ல, பிள்ளையின் பாதுகாப்புக்கும் வேண்டியது. நேர அட்டவணை போட்டும் படிக்க முடியவில்லை, மேடையில் பேசப் பயம், நண்பியோடு கோபம் என்றால் இந்த உரையாடல் போதும். இரண்டு வாரமாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பயன் என்று பிள்ளை சொன்னால் அந்த இடத்திலேயே இலக்குக் கேள்விகளை நிறுத்த வேண்டும். நேரடியாக, நிதானமாக, “சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?” என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிறகு பிள்ளையைத் தனியே விடாமல் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். இங்கு 1926 (மனநல உதவி), 1929 (சிறுவர் உதவி) என்ற தொலைபேசி இலக்கங்கள் உண்டு. உங்கள் பக்கத்து எண்களைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

“நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்ற வாக்குறுதியும் கூடாது. “உனக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்ல வேண்டி வரும்” என்று முதல் அமர்வின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.


மடல் 3: தமிழாசிரியர், தஞ்சாவூர்

நாம் தேடும் சொல்லில் எது வினை என்பதைவிட யார் வினைமுதல் என்பதே கேள்வி என்று எனக்குப் படுகிறது.

கற்பித்தல், பயிற்றுவித்தல், ஊக்குவித்தல், நெறிப்படுத்தல், ஆற்றுப்படுத்தல். கல்வித்துறையில் புழங்கும் சொற்கள் ஏறக்குறைய எல்லாமே பிறவினை. ஆசிரியர் செய்விக்கிறார், மாணவர் செய்விக்கப்படுகிறார். ஆற்றுப்படுத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப்படையில் பரிசு பெற்றுத் திரும்புகிறவர், எதிரே வருகிறவருக்கு எந்த வழியாகப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லி அனுப்புகிறார். போய்வந்தவர் போகாதவருக்குச் சொல்வது அது. மதுரை ஐயா விவரிக்கும் முறையிலோ எந்த வழி என்று ஆசிரியருக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது. ஆக, பகுதி தன்வினையாக இருக்க வேண்டும்.

பயில், தேர், உணர், தெளி ஆகியவற்றைப் பார்த்தேன். தேர் என்றால் தேர்வு நினைவுக்கு வந்து காரியம் கெடும். பழைய ‘உசாத்துணை’ பொருளால் மிகப் பொருத்தம், கலந்து ஆராயத் துணையாக இருப்பவர். ஆனால் நூலின் பின்பக்கத்தில் ‘உசாத்துணை நூல்கள்’ என்று அது குடியேறிவிட்டது.

தெளிதுணை என்று வைக்கலாமா? துணையாக இருப்பவர் ஆசிரியர், தெளிபவர் மாணவர். ஊன்றுகோலில் ஊன்றுவது கோல் இல்லை, அதைப் பிடித்திருப்பவர். அந்த அமைப்பில் இதையும் கொள்ளலாம். வினைத்தொகை, ஒற்று மிகாது. அச்சகத்தில் ‘தெளித்துணை’ ஆக்கிவிட்டால் வாசலில் தண்ணீர் தெளிப்பவர் ஆகிவிடுவார், பிழை திருத்துபவரிடம் சொல்லிவையுங்கள்.


மடல் 4: ஆசிரியர் பயிற்சி நடத்துபவர், மதுரை

தெளிதுணை எனக்குச் சம்மதம். புழக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: “வியாழன் ஐந்தாம் பீரியடில் தெளிதுணை அமர்வு இருக்கிறது.” நாக்கில் தடுக்கவில்லை.

உரையாடலின் நான்கு படிகளுக்கும் பெயர் வேண்டும். கோச்சிங் முன்னோடி ஜான் விட்மோரின் 1992ஆம் ஆண்டு நூல் வழியாகப் பரவிய ‘குரோ’ (GROW: Goal, Reality, Options, Will) வரிசைதான். நேர்ப்பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்தால் வாயில் நுழையவில்லை. அதனால் நான்கையும் ஒரே எழுத்தில் தொடங்கிப் பார்த்தேன்: இலக்கு, இருப்பு, இயல்வன, இனி. ஆசிரியர்கள் ‘நாலு இ’ என்று நினைவில் வைக்கலாம்.

30 நிமிடத்தில் இலக்குக்கு 5, இருப்புக்கு 10, இயல்வனவுக்கு 10, இனிக்கு 5. நடைமுறையில் இருப்பு 20 நிமிடத்தை விழுங்கும். மாணவர் சொல்லும் பிரச்சினை சுவையாக இருப்பதால் ஆசிரியர் துருவிக்கொண்டே போவார், மணி அடித்துவிடும், அடுத்த அடி எதுவும் இல்லாமல் பிள்ளை எழுந்து போகும். கடிகாரம் கண்ணில் படும்படி உட்காருவது தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

அடிக்கடி கெடும் இடங்களில் முதலாவது, கேள்வி வேடத்தில் வரும் அறிவுரை. “காலையில அஞ்சு மணிக்கு எழுந்து படிக்கலாமே?” என்பதன் கடைசியில் கேள்விக்குறி இருந்தாலும் அது கட்டளை. மாணவர் “சரிங்க சார்” என்பார், மறுநாள் எழுந்திருக்க மாட்டார். “இதுக்கு முன்னாடி கொஞ்சமாவது நல்லாப் படிச்ச நாள் எப்படி இருந்துச்சு?” என்பது உண்மையான கேள்வி, ஏனென்றால் விடை ஆசிரியருக்குத் தெரியாது.

அளவுகோல் கேள்வி நம் வகுப்பறைகளில் ஒரு தனிச் சிக்கல். “0 முதல் 10 வரை இப்போ எங்க இருக்க?” என்றால் பிள்ளைகளின் காதில் அது மதிப்பெண்ணாக விழுகிறது. ஆசிரியர் முகத்தைப் பார்த்து 7 என்பார்கள். ஆகவே எண்ணைப் பேசவிடாமல், தாளில் ஒரு கோடு போட்டு அதில் புள்ளி வைக்கச் சொல்லலாம். புள்ளி 4 பக்கம் இருந்தால், “ஏன் 4தானா?” என்று கேட்டால் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். “2 இல்லாம 4 வரைக்கும் வந்துருக்கியே, எது உதவுச்சு?” என்று கீழ்நோக்கி ஒப்பிட்டுக் கேட்டால், பிள்ளை தன்னிடம் ஏற்கெனவே இருப்பதைச் சொல்லத் தொடங்கும். அடுத்து “5 ஆனா என்ன வித்தியாசம் தெரியும்?” 10ஐப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வகுப்பாசிரியர் தன் வகுப்புப் பிள்ளைக்கே தெளிதுணையாக இருப்பதைத் தவிர்க்கலாம். அகமதிப்பீட்டு மதிப்பெண் போடும் கை எதிரில் இருக்கும்போது யாரும் உண்மை பேசுவதில்லை. இடம் ஸ்டாஃப் ரூமாக இருக்கக் கூடாது; பேச்சு பிறர் காதில் விழாத, ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடமாக இருக்க வேண்டும். எங்கள் உதவி எண்கள் 14417 (பள்ளிக் கல்வி), 1098 (குழந்தைகள்). போக்சோ சட்டம் 2012இன்படி, 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் தெரிவித்தாக வேண்டும் என்பதும் முதல் பக்கத்தில் வரும்.

ஆசிரியர்களுக்கான பழக்கம் மூவர் மூவராக: ஒருவர் பேசுவார், ஒருவர் தெளிதுணை, ஒருவர் கவனிப்பவர். 10 நிமிடம் உரையாடல், 5 நிமிடம் கவனித்ததைச் சொல்வது, இடம் மாறுவது. 45 நிமிட பீரியடில் மூன்று சுற்று முடியும். பேசுபவர் தன் சொந்த விஷயத்தைத்தான் எடுக்க வேண்டும், விடைத்தாள் கட்டு தேங்குவது போன்ற சின்ன விஷயம். நடித்துக் காட்டச் சொன்னால் எல்லோரும் சினிமா மாணவராக மாறி அழுகிறார்கள், எதுவும் கற்றுக்கொள்ள முடிவதில்லை.


மடல் 5: இயற்பியல் ஆசிரியர், கோவை

துன்பத்திலிருந்து மீண்டெழுவதைக் குறிக்க (ரெசிலியன்ஸ்), கையேட்டின் தலைப்பில் ‘மீள்தன்மை’ என்று பார்த்தேன். ஸ்பிரிங் பழைய நீளத்துக்கே திரும்புவதை நாங்கள் மீட்சிப் பண்பு என்கிறோம், அதற்கும் மீட்சி எல்லை உண்டு. தந்தையை இழந்த பிள்ளை எந்தப் பழைய நீளத்துக்குத் திரும்பும்? ‘தாங்குதிறன்’ என்று மாற்றலாமே.


மடல் 6: உளவளத்துணை ஆசிரியர், யாழ்ப்பாணம்

தாங்குதிறன் வேண்டாம் ஐயா. அடிக்கிற ஆசிரியரையும் கேலி செய்கிற கூட்டத்தையும் விட்டுவிட்டு, பிள்ளையிடம் தாங்கு என்று சொல்வதாகிவிடும். அங்கே முதலில் நிற்க வேண்டியது அடி, அதற்குப் பிறகுதான் அமர்வு.

ஆனால் ‘மீள்தன்மை’யை மாற்ற வேண்டும் என்பது சரி. ‘தன்மை’ என்றால் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்றாகும். மீள்திறன் என்றால் வளர்க்கலாம், தேயவும் செய்யும். இங்கிலாந்தில் 2007இல் மூன்று பகுதிகளின் பாடசாலைகளில், பென்சில்வேனியாவில் உருவான மீள்திறன் பாடத்தை 7ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடத்தினார்கள். மனச்சோர்வு சிறிதளவு குறைந்தது, ஆனால் ஒரு வருடத்துக்குள் அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்தது. வாரம் ஒருமுறை நடந்த இடங்களில், இரு வாரத்துக்கு ஒருமுறை நடந்த இடங்களைவிடப் பலன் கூட. தெளிதுணையையும் ஒரு தவணையோடு (பள்ளிப் பருவத்தோடு) நிறுத்திவிட்டால் இதே கதைதான். முதல் நான்கு வாரம் தொடர்ச்சியாக, பிறகு தவணைக்கு இரண்டு என்று அட்டவணையில் எழுதிவிடுங்கள்.

நலத்தை அளக்க உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் பட்டியல் போதும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஐந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, மொத்தம் 25. 13க்குக் குறைந்தால் இன்னொரு தடவை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள், நோய் என்று பொருளில்லை. வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்துப் பெயரோடு சேகரித்தால் அன்றே திறந்து பார்க்க ஆள் வேண்டும். மேசை லாச்சியில் ஒரு வாரம் கிடக்கக் கூடாது.


மடல் 7: தமிழாசிரியர், தஞ்சாவூர்

மீள்திறன் சரி. தலைப்பில் ‘நல்வாழ்வு’ என்று போடாதீர்கள், தமிழ்நாட்டில் அது சுகாதாரத்துறையின் பெயர். தடுப்பூசி முகாம் என்று நினைப்பார்கள். ‘மாணவர் நலமும் மீள்திறனும்’ போதும்.

ஆளைக் குறிக்கத் ‘தெளிதுணைவர்’ வேண்டாம், துணைவர் என்றதும் கல்யாணப் பத்திரிகை வாடை அடிக்கிறது. தெளிதுணையாளர் என்று எழுதலாம். எதிரில் இருப்பவருக்குத் தனிப் பெயர் எதற்கு? மாணவர் மாணவரே. அமர்வு ஆசிரியருக்கென்றால் ஆசிரியர். வினையாக வரும்போது ‘தெளிதுணை செய்தார்’ என்று எழுதாமல் ‘தெளிதுணையாக இருந்தார்’ என்றே கையேடு முழுக்க வைத்துக்கொள்ளுங்கள்.