தாத்தாவின் லாரியில் இருந்தது எந்த எஞ்சின்?

உடுமலைப்பேட்டையிலிருந்து:

எங்கள் பழைய கடலை மில் கொட்டகையில் தாத்தாவின் செவர்லே லாரி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நின்றுகொண்டிருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் 1946 என்று இருக்கிறது. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் தொழிற்சாலை வைத்து, பாகங்களை இணைத்து லாரியாக்கி விற்ற காலம் அது. போன ஆண்டு அதை மறுபடி ஓட வைப்பது என்று இறங்கினோம். முதல் நாளே சிக்கல். புத்தகத்தில் ஓர் எஞ்சின் எண், எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) ஒட்டிய சமதளத்தில் வெட்டியிருந்தது வேறோர் எண்.

வந்து பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் “செவர்லே ஆறு சிலிண்டரா? அப்படியானால் 216தான்” என்றார்கள். 216 என்பது எஞ்சினின் கொள்ளளவு, கன அங்குலக் கணக்கில். அந்தக் காலத்துச் செவர்லேக்களில் பரவலாக இருந்தது அதுதான். ஆனால் கனமான லாரிகளுக்கென்று 1941இல் 235 என்ற எஞ்சினும் வந்துவிட்டது. வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. எது என்று உறுதியாகத் தெரியாமல் பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியைக் கழற்றி சிலிண்டர் விட்டத்தை அளந்தேன். 90.5 மில்லிமீட்டர். 216இன் விட்டம் மூன்றரை அங்குலம், அதாவது 88.9. 235இன் விட்டம் 90.5. முடிந்தது என்று நினைத்தேன். கோவை லேத் பட்டறை அண்ணன்தான் என்னைத் தடுத்தார். “தம்பி, 216ஐ அறுபது தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது பங்கு, பெரிதாகக் கடைந்தாலும் ஏறக்குறைய இதே அளவுதான் வரும்.” கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 90.42. தேய்ந்த சிலிண்டரில் அந்த வித்தியாசத்தை யாரால் பிடிக்க முடியும்?

பிறகு அவரே வழியும் சொன்னார். “ஸ்ட்ரோக்கை அள, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை. சிலிண்டரை எத்தனை முறை கடைந்தாலும் அது மாறாது.” பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து ஓர் அளவு, அடிக்கு இறக்கி ஓர் அளவு. 216 என்றால் 95 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும். எனக்கு வந்தது 100. ஒன்றாம் சிலிண்டரிலும் ஆறாம் சிலிண்டரிலும் மறுபடி அளந்தேன், அதே 100. 235 என்பது அந்த நிமிடம் உறுதியானது.

அடுத்து வயது. டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கத்தில் பிளாக்கின் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடல்) மேல் பல அடுக்குப் பெயின்ட்டும் எண்ணெய்ப் பிசுக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் இரண்டு நாள் தேய்த்தேன். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்க, வார்ப்பிலேயே புடைத்திருந்த தேதி எழும்பியது: எஃப், 12, 8. எழுத்து மாதத்தைக் குறிக்கும். ஏ என்றால் ஜனவரி, எஃப் என்றால் ஜூன். நடுவில் இருப்பது நாள். கடைசி இலக்கம் ஆண்டின் கடைசி எண் மட்டும்தான், எந்தப் பத்தாண்டு என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். 1938ஆக இருக்க முடியாது, 235 அப்போது இல்லை. 1958ஆகவும் இருக்க முடியாது. என் பிளாக்கின் பக்கவாட்டுத் தகடு உயரமானது, ஸ்பார்க் பிளக் வரை ஏறி நிற்கிறது. 1950களின் நடுவிலேயே அந்தத் தகடு குட்டையாகிவிட்டது. ஆக, 1948 ஜூன் 12. லாரியைவிட எஞ்சின் இரண்டு வயது இளையது!

பாட்டியிடம் போய்ச் சொன்னேன். “ஒரு மழைக்காலம் முழுக்க லாரி நின்றுவிட்டது. உன் தாத்தா எங்கிருந்தோ ரயிலில் எஞ்சினை வரவழைத்தார். என் வளையல் அதற்குத்தான் போனது” என்றார். இத்தனை ஆண்டுகளில் யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கவலையாக இருக்கிறது. அந்தக் காலத்து 235இல் கனெக்டிங் ராடுகளின் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பிகள்) பேரிங் கழற்றி மாட்டும் வகை அல்ல, உலோகத்தை உருக்கி ஊற்றிக் கடைவது. அதைச் சரியாகச் செய்யும் கை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

சங்ககிரியிலிருந்து:

ஸ்ட்ரோக் பற்றி நீங்கள் எழுதியது முற்றிலும் சரி. எங்கள் மாமாவின் ஃபார்கோ லாரியில் இருந்த டீசல் எஞ்சினுக்கு அடையாளத் தகடே இல்லை. விட்டம் மூன்றரை அங்குலம், உங்கள் 216இன் விட்டமேதான். ஆனால் ஸ்ட்ரோக் ஐந்து அங்குலம் வந்தது. ஆறு சிலிண்டருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 288 கன அங்குலம். பெர்கின்ஸ் பி-6! பெட்ரோல் லாரிகளை டீசலுக்கு மாற்ற அன்று பலரும் நாடிய எஞ்சின் அது. பழைய லாரியின் உடம்பில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பதை அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள்.

மதுரையிலிருந்து:

என்னுடையது போர் முடிந்தபின் ராணுவம் ஏலம் விட்ட ஃபோர்டு. வி-8 என்பதால் எஞ்சினைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. காலத்தை அறிய ஒவ்வொரு ஹெட்டிலும் அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்களை (திருகாணித் தண்டுகள்) எண்ணினேன், 24. இன்னும் முந்தைய எஞ்சின்களில் 21தான் இருக்கும். உடுமலை நண்பருக்கு: உலோகம் ஊற்றும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். இந்த வாரம் நேரில் போய், இன்னும் செய்கிறாரா என்று கேட்டு எழுதுகிறேன்.