ஷவர் ஓரத்து சிலிகானை மூன்று தடவை பூசிய கதை

கீழ் வீட்டு அக்கா மாடியேறி வந்து, “தம்பி, எங்க பாத்ரூம் சீலிங்கைக் கொஞ்சம் வந்து பாருங்க” என்றபோதுதான் விஷயம் தெரிந்தது. பெயின்ட் உப்பி, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை. எங்கள் ஷவருக்கு நேர் கீழே.

எங்களுடையது வேளச்சேரியில் 11 வருஷத்து ஃபிளாட். ஷவர் கண்ணாடித் தடுப்பின் அடியில், இடுக்கை அடைக்கப் பூசியிருந்த ரப்பர் மாதிரியான சிலிகான் கறுத்துப்போயிருந்தது. ஒரு மூலையில் நகத்தால் இழுத்தேன், சேமியா மாதிரி உரிந்து வந்தது. ஒரு சிலிகான் டியூபும் அதைப் பிதுக்குகிற கன்னும் வாங்கி வந்து, பழையதன் மேலேயே ஒரு கோடு இழுத்தேன். மூன்று வாரம் தாங்கியது. காய்ந்த சிலிகான் மேல் புதிது சரியாக ஒட்டாதாம்.

இரண்டாம் முறை கட்டர் பிளேடால் இரண்டு ஓரமும் அறுத்து எடுத்தேன். பெரிய துண்டுகள் சுலபமாக வந்துவிடும். டைலில் தங்கிவிடும் மெல்லிய படலம்தான் உயிரை எடுக்கும். கண்ணுக்குத் தெரியாது. விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுக்காமல் ரப்பர் மாதிரி எங்கே பிடிக்கிறதோ, அங்கே மிச்சம் இருக்கிறது. அதையெல்லாம் சுரண்டிவிட்டு, அவசரத்தில் அன்றைக்கே பூசினேன். இடுக்கில் ஈரம் இருந்திருக்கிறது. பத்தே நாளில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

மூன்றாம் முறை இரண்டு நாள் ஷவரைப் பூட்டியே வைத்தேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கையை நிறுத்தாமல் ஒரே இழுப்பு. சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே தடவல். மேலே தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். அப்புறம் 24 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. இப்போது எட்டு மாதம் ஆகிறது, அசையவில்லை. கீழ் வீட்டுப் பெயின்ட் செலவு மட்டும் என் தலையில்.

*

அண்ணே, உங்கள் பதிவைப் படித்தேன். சிலிகான் வாங்கும்போது வாடையையும் கவனியுங்கள். வினிகர் வாடை அடிக்கிற வகை கண்ணாடிக்கும் டைலுக்கும் சரி. மார்பிள் பக்கம் அது ஆகாது, அரித்துக் கறையாக்கிவிடும். அங்கே வினிகர் வாடை அடிக்காத நியூட்ரல் வகைதான்.

நான் இருப்பது லண்டனில். இங்கே எங்கள் ஷவருக்கு அடியில் டைல் கிடையாது, அக்ரிலிக் பிளாஸ்டிக் தட்டுதான். ஏறி நின்றால் லேசாக அமுங்கும். காலியாக இருக்கும்போது பூசினால், முதல் நாள் குளியலிலேயே சுவரோரம் விட்டுக்கொள்ளும். நான் தட்டுக்குள் நாலு பக்கெட் தண்ணீரை வைத்து, அமுங்கிய நிலையிலேயே பூசி, காய்ந்த பிறகுதான் எடுத்தேன். பக்கெட் தேடி அக்கம்பக்கத்து வீட்டுக் கதவையெல்லாம் தட்டியது தனிக் கதை.

*

கோயம்புத்தூரில் இருந்து நான். எங்கள் வீட்டு ஷவருக்கு அலுமினியச் சட்டம். ஒழுகுதே என்று வெளியே பூசியது போதாமல் உள்ளேயும் பூசினேன். சட்டத்துக்குள் போன தண்ணீர் திரும்பி வர வழியில்லாமல் அங்கேயே தேங்கி நாறியது. இந்த மாதிரிச் சட்டத்துக்கு வெளிப்பக்கம் மட்டும் போதும். உள்ளே இருந்ததைச் சுரண்டிய பிறகும் கீழே ஈரம் கசிவது நிற்கவில்லை. டிரெய்ன் வாயை அடைத்து, ஓரத்துச் சிலிகானைத் தொடாத அளவுக்குத் தண்ணீர் கட்டி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் மட்டம் இறங்கியிருந்தது. தரை டைல் இடுக்கில்தான் ஓட்டை, பாவம் சிலிகானைத் திட்டிக்கொண்டிருந்தேன்.