டாலின் பழைய நகரம்: ஒரு பகல் போதுமா? முழங்கால் வலியோடு நடக்க முடியுமா?

அரசலாறு (கும்பகோணம்):
வணக்கம். செப்டம்பர் கடைசி வாரத்தில், ஸ்டாக்ஹோமில் மகள் வீட்டிலிருந்து நானும் வீட்டுக்காரம்மாவும் இரவுக் கப்பலில் எஸ்டோனியாவின் டாலினுக்குப் போய் அன்று மாலையே திரும்புகிறோம். டிக்கெட்டில் வருகை காலை 10.45, புறப்பாடு மாலை 6. பழைய நகரம், கத்ரியோர்க் அரண்மனை, கடல் அருங்காட்சியகம் மூன்றையும் முடிக்கலாமா? வீட்டுக்காரம்மாவுக்கு 61 வயது, முழங்கால் வலி. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஸ்வீடன் கொடுத்த ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான விசா) ஒருமுறை நுழைவுக்கானது. அது செல்லுமா?

குடமுருட்டி:
விசா செல்லும். எஸ்டோனியா 2007 டிசம்பரிலிருந்து ஷெங்கனில் இருக்கிறது. ஸ்வீடனிலிருந்து நேராக அங்கே போய் நேராகத் திரும்பினால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறவே இல்லை, ஆகவே இன்னொரு நுழைவு தேவைப்படாது. அசல் பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்க வேண்டும், நகல் போதாது.

கவனிக்க வேண்டியது கடிகாரம். எஸ்டோனியா ஸ்வீடனைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கைக்கடிகாரத்தை மாற்றாமல் விட்டால் அது 5 காட்டும்போது கப்பல் கிளம்பிவிடும். செல்போன் தானாக மாறும் என்று நம்பாதீர்கள், ஃப்ளைட் மோடில் இருந்தால் மாறாது. இறங்கியதும் கையால் சரிபார்த்துவிடுங்கள். ஏறும் வாசலைப் புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே மூடிவிடுவார்கள், அதனால் உள்ளூர் நேரம் 5 மணிக்கு முனையத்தில் இருங்கள். இன்னொன்று: நடுக்கடலில் போன் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்தால் பில் எகிறும். ஐரோப்பிய ரோமிங் சலுகை அதற்குப் பொருந்தாது. கப்பலில் ஃப்ளைட் மோட், கரையில் சாதாரணம்.

ஆக, கையில் இருப்பது ஆறேகால் மணி நேரம்தான், அதிலும் இறங்கி வெளியே வரக் கொஞ்சம் போய்விடும். கத்ரியோர்க் ஊருக்குக் கிழக்கே தள்ளி இருக்கிறது, கடல் அருங்காட்சியகத்தின் விமானக் கொட்டகை வேறு பக்கம். இரண்டையும் விடுங்கள். பழைய நகரத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

அது இரண்டு ஊர் என்று மனதில் வைத்துக்கொண்டால் வழி எளிது. மேலே டூம்பேயா குன்று, பிஷப்பும் பிரபுக்களும் இருந்த இடம். கீழே வணிகர் ஊர், 1248-லிருந்து ஜெர்மனியின் லூபெக் நகரச் சட்டப்படி தன்னைத் தானே ஆண்டது. நடுவில் மதில், அந்தக் காலத்தில் இரவில் கதவைச் சாத்திவிடுவார்கள். குன்று அதிக உயரமில்லை, 20 முதல் 30 மீட்டர். ஆனால் மேடே இல்லாத டெல்டாவில் நடந்து பழகிய காலுக்கு, கல் பாவிய சரிவு கனமாகத்தான் தெரியும். எனவே துறைமுகத்திலிருந்து போல்ட் டாக்சியில் நேராக மேலே லோஸ்ஸி பிளாட்ஸ் சதுக்கத்தில் இறங்குங்கள். செயலியை மகள் ஸ்டாக்ஹோமிலேயே போட்டுத் தரட்டும்.

அங்கே எதிரே நிற்பது 1900-இல் கட்டி முடித்த அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தேவாலயம். வழிபாடு நடக்கும் இடம், உள்ளே படமெடுக்கக் கூடாது, தலைக்கு ஒரு துப்பட்டா இருக்கட்டும். அடுத்து டோம் தேவாலயம், பிறகு கோஹ்டுவோட்சா, பட்குலி என்ற இரண்டு பார்வை மேடைகள். பட்குலியிலிருந்து செங்குத்தான படிக்கட்டு ஒன்று இறங்குகிறது. முழங்கால் வலிக்கு அது ஆகாது, திரும்பி வந்து பிக் யால்க் வழியாக இறங்குங்கள். பெயருக்கே 'நீண்ட கால்' என்றுதான் பொருள்: படியில்லாத மெல்லிய சரிவு. 'குட்டைக் கால்' என்ற லூஹிகே யால்க் சீக்கிரம் இறக்கிவிடும், ஆனால் அதில் படி உண்டு.

கீழே நகர மன்றச் சதுக்கம். மன்றக் கட்டடம் 1404-இல் இன்றைய வடிவம் பெற்றது. கோபுரம் 64 மீட்டர், நம் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தை ஏறக்குறைய எட்டும். அது கோடையில்தான் திறக்கும், செப்டம்பர் கடைசியில் எதிர்பார்க்க வேண்டாம். சதுக்கத்தின் மூலையில் 1422-இலேயே ஆவணத்தில் வரும் மருந்துக்கடை இன்றும் நடக்கிறது. பழைய மருந்துச் சரக்குகளைத் தனி அறையில் வைத்திருக்கிறார்கள். நாட்டு மருந்துக்கடை தெரிந்தவர்கள் அங்கே கால் மணி நேரம் செலவழிக்கலாம். பிறகு பிக் தெருவில் வடக்கே நடந்தால் பருமனான மார்கரெட் கோபுரம் வரும். அங்கிருந்து துறைமுகம் பக்கம்தான்.

தரங்கம்பாடி வாசி:
ஐயா, பிக் தெருவை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். பழைய வணிகர் வீடுகளின் முகப்பு உச்சியில் ஓர் உத்திரம் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். கப்பி மாட்டிச் சரக்கை ஏற்றிய உத்திரம் அது. கீழே குடும்பமும் வியாபாரமும், மேலே தளம் தளமாகக் கிடங்கு. கம்பு போன்ற ரை தானியமும் மெழுகும் தோலும் வெளியே போயின, உப்பு உள்ளே வந்தது. கிடங்கை மேலே வைத்ததற்கு, ஈரமில்லாமல் தானியம் இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். நெற்குதிரைத் தரையில் வைக்காமல் கல் மேல் ஏற்றிவைக்கும் நமக்கு அது உடனே புரியும். தெருவின் வடகோடியில் ஒட்டி நிற்கும் 'மூன்று சகோதரிகள்' வீடுகளில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

லூஹிகே யால்க் பக்கத்தில் மதிலோரம் 'டென்மார்க் அரசர் தோட்டம்' இருக்கிறது, உட்காரவும் ஏற்ற இடம். டென்மார்க் அரசர் இரண்டாம் வால்டெமர் 1219-இல் இந்த ஊரைப் பிடித்தார். டாலின் என்ற பெயரே 'டேனியர் நகர்' என்பதிலிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். 1346-இல் டேனியர் இதை டியூட்டானிக் வீரர் சங்கம் என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவப் போர்வீரர் அமைப்புக்கு விற்றார்கள். அதே டேனியர்தான் 1620-இல் ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றுக் கோட்டை கட்டி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றவர்கள். டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்துவிட்டு டாலின் போகிறவருக்கு அந்தத் தோட்டம் வெறும் தோட்டமாக இருக்காது.

வெண்ணாற்றங்கரை:
அண்ணா, சாப்பாட்டைப் பற்றி. பட்டாணி சூப் என்று நம்பி வாங்காதீர்கள், வழக்கமாகப் புகையூட்டிய பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். 'முல்கி புடர்' என்ற உருளைக்கிழங்கு பார்லிக் கூழ் சைவம்தான், ஆனால் மேலே பன்றித் துண்டுகளைத் தூவித் தருவது வழக்கம். காய்கறி சூப்பிலும் எலும்புச் சாறு இருக்கலாம். மூன்று சொற்களைக் காட்டிக் கேளுங்கள்: 'இல்மா லிஹதா' இறைச்சி இல்லாமல், 'இல்மா கலதா' மீன் இல்லாமல், 'இல்மா முனதா' முட்டை இல்லாமல். இளைஞர்களுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனாலும் இது குழப்பத்தைத் தீர்க்கும். சதுக்கத்தைச் சுற்றியிருக்கும் கடைகளில் விலை அதிகம், இரண்டு தெரு தள்ளிப் போங்கள்.

அக்காவுக்கு நிச்சயம் பிடிப்பது 'காமா' மாவு. பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணி வறுத்து அரைத்தது, அப்படியே நம் சத்துமாவு. மோரிலோ தயிரிலோ கலக்கிக் குடிப்பார்கள். சூப்பர் மார்க்கெட்டில் பொட்டலமாகக் கிடைக்கும். பாதாம் மர்சிபான் இனிப்பும் அங்கே பெயர்பெற்றது, ஆனால் சிலர் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதால் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் வங்கி கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும், தொட்டுச் செலுத்தும் வசதியையும் தனித்தனியாகத் திறந்திருக்கிறீர்களா என்று ஊரிலேயே பாருங்கள். யூரோ சில்லறை கொஞ்சம் போதும்.

அரசலாறு:
எல்லோருக்கும் நன்றி. ஓலெவிஸ்டே தேவாலயக் கோபுரம் ஒரு காலத்தில் உலகிலேயே உயரமானது என்று படித்தேன். அவரைக் கீழே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் ஏறலாமா?

குடமுருட்டி:
உலகிலேயே உயரம் என்ற பேச்சு 159 மீட்டர் என்ற பழைய கணக்கை வைத்து வருவது. அந்த அளவையே ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். மின்னல் தாக்கிப் பலமுறை எரிந்து, இப்போது சுமார் 124 மீட்டர். நீங்கள் போவது அதில் பாதி, சுமார் 60 மீட்டர் வரை. 232 கல் படி, குறுகிய சுழல். ஏறுபவரும் இறங்குபவரும் ஒரே வழியில் ஒதுங்கி நிற்க வேண்டும், பிடிக்கக் கயிறு உண்டு. படி மழைநாளில் வழுக்கும். மூச்சுவாங்கும் தொந்தரவோ தலைசுற்றலோ இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஏறி இறங்க 40 நிமிடம் ஒதுக்குங்கள், அதுவும் 3.30-க்கு முன்.

செருப்பு விஷயம் சொல்ல மறந்தேன். அங்கே கல் உருண்டையாக இருப்பதால் தட்டையான தோல் செருப்பு போட்டால் கணுக்கால் மடங்கும். ரப்பர் அடிப்பாகமுள்ள, கட்டுகிற ஷூ இருவருக்கும் வேண்டும். அந்த வாரத்தில் பகலிலேயே 10 முதல் 14 டிகிரிதான், மழையும் அடிக்கடி. மார்கழி விடியற்காலைக்கு எடுக்கும் சால்வை தாங்காது. காற்றுப் புகாத மழைக்கோட்டு ஒன்று, உள்ளே ஸ்வெட்டர் ஒன்று.